ஆல்பனியில் அப்பா தொலைத்த பகல்

குலின்,
ஞாயிறு காலை.

என் செல்ல மகள் டெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் ஜோயலும் குட்டி மேபெலும் நலம்தானே? டார்வினில் வெக்கை தொடங்கியிருக்கும், மாங்காய் பறிப்பு தலைக்கு மேல் இருக்கும் என்று தெரியும். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படிக்கும்போது உனக்குப் பதறும்.

நீ அனுப்பிய செய்தியைக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். கிறிஸ்துமஸுக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டாய். மாதக் கடைசியில் தோட்டத்து முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்லப்போகிறாய். அப்பாவே வாய் திறந்து கூப்பிட்ட பிறகு இங்கே எனக்கென்ன வேலை என்று எழுதியிருந்தாய். ஏப்ரனில் ஏந்தியிருந்த முட்டைகள் அத்தனையும் என் காலடியில் விழுந்து உடைந்தன. சந்தோஷத்தில் கை தவறியது என்று நினைத்துவிடாதே, கண்ணே.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். 'அம்மா!' என்று நீ எடுத்த குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மழையைப் பற்றியும் பக்கத்துக் காட்டுக் கடுகைப் பற்றியும் உளறிவிட்டு வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. வாயால் சொல்ல முடியாததைக் கையாவது எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலாளியிடம் நீ பேசுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நாங்கள் ஆல்பனிக்குப் போனது உனக்குத் தெரியும். ஏன் போனோம் என்று சொல்லவில்லை. உன் தம்பி ப்ரென்ட் சுரங்க வேலைக்கு வடக்கே போய்விட்ட பிறகு, கோதுமை நிலத்தை ஹாட்ஸன் வீட்டாருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டோம் அல்லவா? அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. வேலியோரம் நின்றுகொண்டு, ஹாட்ஸன் பையன்கள் எதையெல்லாம் தப்பாகச் செய்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் இரண்டு நாள் கடலைப் பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் நாங்கள் எங்கும் போனதில்லை. செப்டம்பரில் பெர்த்திலிருந்து ஒரு சுற்றுலா பஸ் போகிறது, அதில் போகலாமா என்று கேட்டேன். "கொடி பிடிச்சவன் பின்னால மந்தை மாதிரி நடக்கச் சொல்றியா ரேலீன்? நாப்பது வருஷம் மந்தையை ஓட்டினவன் நான்" என்றார். "நம்ம வண்டி, நம்ம இஷ்டம்" என்று அவரே புறப்பட ஏற்பாடு செய்தார்.

மிடில்டன் கடற்கரைக்கு எதிரே ஒரு சின்ன வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல். அப்பா முதல் நாள் முழுக்க அதன் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இவ்வளவு தண்ணி, ஒரு சொட்டுகூட பயிருக்கு ஆகாது" என்று சலித்துக்கொண்டே இருந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் பாறைப் பிளவுக்குப் போனோம். கீழே அலை வந்து மோதும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்துவிடுவேன் என்று பிடித்தாராம். நாய்த்தலை மாதிரி இருக்கிற அந்தப் பெரிய பாறைக்கு யாரோ கழுத்துப்பட்டை வரைந்திருக்கிறார்களே, அதன் முன்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார். படகில் போய்த் திமிங்கிலம் பார்த்தோம். தாயும் குட்டியும். குட்டி தாயின் மேல் ஏறி ஏறிச் சறுக்கியது. கரைக்கு வந்த பிறகு வறுத்த மீன் வாங்கித் தின்னும்போது, "அது எத்தனை மாசக் குட்டியா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு யார் ஞாபகம் வந்தது என்று சொல்லவா வேண்டும்? ஆனால் எங்கள் வீட்டில் உன் பேரைச் சொல்வதில்லை. நிலத்தில் பங்கு கேட்டு நீ அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றைக்கு, "எனக்கு ஒரே பிள்ளைதான்" என்று அவர் சொல்லி, நீ துணிமூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு போனாயே, அன்றோடு அந்தப் பேர் நின்றுபோயிற்று. ஏழு வருஷம். உன்னோடு பேசுவதென்றால் நான் கோழிக்கூண்டுக்குத்தான் போக வேண்டும்.

நான்காம் நாள் காலைதான் அது நடந்தது.

மிடில்டனில் தினமும் விடிந்ததும் ஒரு கிழவர் கூட்டம் குளிரக் குளிரக் கடலில் நீந்துகிறது. அதில் ஹெட்டி என்று ஒரு அம்மாள், எழுபத்தைந்துக்குக் குறையாது. அப்பாவைப் பார்த்து, "கோதுமைக்காரங்களுக்குத் தண்ணின்னா பயமாமே?" என்று சீண்டினாள். அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேராக இறங்கிவிட்டார். தண்ணீர் பனிக்கட்டி. கத்திக்கொண்டே முங்கினார், சிரித்தார், மிதவைக் கயிறு வரை போய்த் திரும்பினார். நான் கரையில் துண்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

ஏறி வந்தார். துவட்டிக்கொண்டார். சட்டையைப் போட்டுப் பொத்தானைச் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எந்த ஊர் ரே?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆல்பனி என்றேன்.

"ஆல்பனியா? நாம எதுக்கு இங்க வந்தோம்?"

ஊர் சுற்றிப்பார்க்க வந்தோம் என்றேன். அவர் என் தலையையே பார்த்தார். "உன் முடி எங்கடி? மயிர் கத்தரிக்கிறவன் ஆடுன்னு நினைச்சு உன்னைப் பிடிச்சுட்டானா?" நான் முடியை வெட்டி ஐந்து வருஷம் ஆகிறது, டெஸ்ஸா. ஒரு நிமிஷம் போனது. திரும்பவும், "இது எந்த ஊர் ரே? நாம எதுக்கு இங்க வந்தோம்?" அதே குரல், அதே தலைச்சாய்ப்பு. திரும்பவும் என் முடி, திரும்பவும் அதே ஆட்டுக் கேலி. முதல் தடவை சொன்னவர் போலவே சிரித்தார்.

நான் துண்டைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன். ஹெட்டிதான் ஓடிவந்தாள். அவர் கையைத் தூக்கச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பக்கவாதமோ என்று அவளுக்கும் பயம்.

ஆஸ்பத்திரியில் எல்லா ஸ்கேனும் எடுத்தார்கள். நான் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊர் சுற்றிப்பார்க்க வந்தோம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், "டூருக்கா? நாமளா? வைக்கோல் அறுக்கிற நேரத்துலயா? ஆட்டையெல்லாம் யாரு பாக்கறா?" என்று பதறுவார். பதறிவிட்டு அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். "சரி, டெஸ்ஸா இருக்கா. அவ பாத்துப்பா."

உன் பேர். அவர் வாயிலிருந்து. சாதாரணமாக, உப்பை எடு என்று சொல்வதைப் போல.

முதல் தடவை கேட்டபோது நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். காது தவறிக் கேட்டதோ என்று நினைத்தேன். சற்று நேரத்தில் திரும்பவும் சொன்னார். டாக்டர் இளம் பெண், பொறுமைசாலி. இது என்ன வருஷம் என்று அவரிடம் கேட்டாள். பத்து வருஷத்துக்கு முந்தைய வருஷத்தைச் சொன்னார், கொஞ்சமும் தயங்காமல். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ வீட்டை விட்டுப் போனதே அவருக்குத் தெரியாது. அந்தச் சண்டை அவருக்கு இன்னும் நடக்கவில்லை.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னாள். பக்கவாதம் இல்லையாம். திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் எப்போதாவது சிலருக்கு இப்படி நேருமாம். ஞாபகத்தின் கதவு கொஞ்ச நேரம் சாத்திக்கொள்ளும், சாயங்காலத்துக்குள் தானாகத் திறந்துகொள்ளும். பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் இன்றைய பகல் மட்டும் அவருக்கு ஒருபோதும் நினைவுக்கு வராது, வருத்தப்படாதீர்கள் என்றாள். நான் தலையாட்டினேன். வருத்தப்படவில்லை, டெஸ்ஸா. சாயங்காலத்துக்குள் என்று அவள் சொன்னதும் என் மனசு எங்கே போனது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

உள்ளே போனேன். "டெஸ்ஸா கூப்பிட்டாளா?" என்று கேட்டார். நான் போனை எடுத்து உன் எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தேன்.

நீ அப்பா குரலைக் கேட்டு அழுததும், அவர், "ஏம்மா அழறே, டிராக்டர் மறுபடியும் நின்னுபோச்சா?" என்று கேட்டதும், நீ அழுகைக்கு நடுவே சிரித்ததும் எனக்கு இந்தப் பக்கத்தில் கேட்டது. அவர் வேடிக்கை செய்கிறார் என்று நீ நினைத்தாய். "மேபெல் பேசறா அப்பா" என்று குழந்தையிடம் கொடுத்தாய். அவர், "யாரு வீட்டுக் குட்டி இது? கிளி மாதிரிக் கத்துறாளே" என்றார். அதற்கும் நீ சிரித்தாய். அப்புறம், நீ வயலில் டிராக்டரோடு நிற்கிறாய் என்ற நினைப்பிலேயே அவர் சொன்னார்: "போதும், வீட்டுக்கு வா. என் நிலத்தை உன்னை விட்டா வேற யாருகிட்ட நான் குடுக்கப்போறேன்?"

அந்த வார்த்தைக்காகத்தான் நீ ஏழு வருஷம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். நான் போனைப் பிடுங்கி, டெஸ்ஸா, அப்பாவுக்கு நினைவு சரியில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேரின் சிரிப்பையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ போனை வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்து, "டெஸ்ஸா கூப்பிட்டாளா?" என்று கேட்டார்.

சூரியன் மறையும் நேரத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார், ஹாட்ஸன் பையன்களைத் திட்டினார். நான் வேண்டுமென்றே, வைக்கோல் வேலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "குத்தகைக்காரன் பாடு, எனக்கென்ன?" என்றார். முகம் இறுகிவிட்டது. உன் பேர் வரவில்லை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதுதான் நடந்தது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

செவ்வாய்.

ஞாயிறன்று உறையை ஒட்டுவதற்கு முன்னால் அப்பா கொட்டகையிலிருந்து வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்து, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை என்றேன். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன், மேபெல், கிளி, நிலம், கிறிஸ்துமஸ் டிக்கெட், நீ விடப்போகிற வேலை.

அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கடற்கரையில் நான் நின்றது போலவே இருந்தது அவர் இருந்த நிலை.

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

சொன்னாய் நெவ், என்றேன்.

"பொய்."

போனை எடுத்து நீட்டினேன். உன்னோடு பேசிய நாளும் நேரமும் அதில் இருந்தன. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபம் வந்தது பார். வீட்டுக் கூரை பறந்துபோகும் என்று நினைத்தேன். "என் புத்தி என்கிட்ட இல்லாத நேரத்துல என் வாயை எடுத்து நீ பேசவெச்சிருக்கே! நாப்பது வருஷம் என்கூட வாழ்ந்துட்டு இதைச் செய்யலாமா நீ? அந்தப் பொண்ணு அதை நம்பிக்கிட்டு வேலையை விடப்போறா! ஒரு குழந்தையைத் தூக்கிக்கிட்டு வரப்போறா!" அவர் சொன்னது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கோபம் முழுக்க என் மேல்தான். உன் மேல் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பொண்ணு என்றார். ஏழு வருஷத்தில் அந்த அளவுகூட வந்ததில்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. நேற்று விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு உப்பு ஏரிப் பக்கம் போனார். ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து ஹாட்ஸன் பையனைப் பின்னால் அனுப்பினேன். ஏரிக்கரையில் வண்டியின் பின்பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று போன் செய்தான். மத்தியானம் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்.

"அவளுக்கு எழுதறியே, எல்லாத்தையும் எழுதிட்டியா?"

எழுதினேன் என்றேன்.

"நான் கோபப்பட்டதையும் எழுது. ஒண்ணையும் விடாதே. பொய்யை நம்பி அவ அவ்வளவு தூரம் வரக் கூடாது. தெரிஞ்சுட்டு வந்தா அது வேற விஷயம்."

தெரிந்துகொண்டு வந்தால் கதவைத் திறப்பாயா என்று கேட்டேன். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் கைகழுவும் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்டு, கையைக் கழுவாமல் நின்றார்.

"இப்ப கேட்டா அதை நான் சொல்ல மாட்டேன் ரே. என்னால முடியாது. ஆனா தப்பாச் சொல்லிட்டேன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். ஒரு எழுத்தைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நிலத்தைப் பற்றி நான் உனக்கு எந்த வாக்கும் தர முடியாது. குத்தகை அடுத்த வருஷம் முடிகிறது. ப்ரென்ட் திரும்பி வருவானா மாட்டானா என்று அவனுக்கே தெரியாது. அதனால் மாந்தோப்பு வேலையை இப்போதைக்கு விடாதே, கண்ணே. முதலாளியிடம் ஒன்றும் சொல்லாதே. ஜோயலிடம் இதைக் காட்டு, இரண்டு பேருமாக யோசியுங்கள். என் மேல் கோபம் வந்தால் தாராளமாகத் திட்டு. இந்த வாரம் எல்லோருமே என்னைத்தான் திட்டுகிறார்கள், பழகிவிட்டது.

ஆனால் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே.

நீ வந்து நிற்கும்போது, அன்றைக்குச் சொன்னீர்களே அதைத் திரும்பச் சொல்லுங்கள் அப்பா என்று அவரைக் கேட்காதே. அவரால் முடியாது. வாசலில் நின்று எங்கேயோ பார்ப்பார். மழை பெய்ததா, வழியில் ரோடு எப்படி என்று கேட்பார். நீயும் ரோட்டைப் பற்றியே பதில் சொல்லு. கோபத்தில் அவர் சொன்ன ஒரு வார்த்தையை ஏழு வருஷம் நம்பினாய். கோபம் கொஞ்ச நேரம் அவரை விட்டுப் போயிருந்த ஒரு பகலில் அதே வாய்தான் இதையும் சொன்னது. இதையும் நம்பு மகளே. பாதியாவது நம்பு.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காப்பாற்றட்டும். குட்டி மேபெலுக்கு இந்தக் கிழவியின் முத்தம்.

வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா
ரேலீன்